முதல் தட்டைத் தூக்கிய தௌக்கே

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம், பினாங்கில் ஆயர் ஈத்தாம். பாசார் என்னும் சந்தையைத் தாண்டி, அடுக்குமாடி வீடுகளையும் தாண்டி மேலே போனால் கொடிமலையின் காலடியில் ஒரு வரிசை வீடுகள் வரும். அந்த வரிசையில் கடைசி வீட்டில்தான் எனக்கு நிச்சயதார்த்தம். அதற்குப் பின்னால் வீடு கிடையாது. காடுதான்.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அதற்கு முன் இரண்டு இடங்களில் பெண் பார்த்து, இரண்டும் கைகூடவில்லை. இரண்டு வீட்டாரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: பையன் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறான்.

மறுக்க முடியாது. என் வாய் என் கட்டுப்பாட்டில் இல்லை. பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. மேனேஜர் திட்டினால் சிரிப்பேன். வாகன நிறுத்துமிடத்தில் என் இடத்தில் வேறொருவர் காடியை நிறுத்தியிருந்தால் அவரைப் பார்த்தும் சிரிப்பேன். பல் பிடுங்கப் போன இடத்தில்கூட நான் சிரித்துக்கொண்டே இருந்ததாக அங்கிருந்த நர்ஸ் எல்லோரிடமும் சொன்னார். வாயைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன், அவ்வளவுதான். யார் நம்புகிறார்கள்?

இந்த மூன்றாவது வீட்டில் பெரியப்பா என்று ஒருவர் இருந்தார். பெண்ணின் அப்பாவுக்கு அண்ணன். பெண்ணின் அப்பா இருமுவதற்குக்கூட அவரிடம் உத்தரவு வாங்குவார் போலிருந்தது. நாங்கள் பெண் பார்க்கப் போனபோது, என் அப்பா எப்படித் தவறினார் என்று அவர் விசாரித்தார். பதில் சொன்னேன். அப்போதும் என் வாய் இரண்டு காதுகளையும் தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மறுநாள் என் அக்காவுக்கு போன் செய்து அவர் சொன்ன வார்த்தை இது: "பொண்ணுக்குப் புடிச்சிருக்குன்னு சொல்லுது. நிச்சயத்தன்னிக்கி பையன நான் இன்னொரு தடவ பாக்குறேன். அப்பவும் கோமாளியாட்டம் இளிச்சிக்கிட்டு நின்னா, தட்ட நான் வாங்க மாட்டேன்."

அப்பா அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அக்காதான். காடியில் வரும்போது முன் இருக்கையிலிருந்து திரும்பி, என் முகத்துக்கு நேராக விரலை நீட்டினாள். "இன்னிக்கி ஒரு நாளு பல்லக் காட்டாதடா. கல்யாணம் முடியட்டும், அப்புறம் ஆயுசுக்கும் காட்டிக்க."

சரி என்று தலையாட்டினேன். சிரித்துக்கொண்டே.

வீட்டை ஒட்டிய சந்தில் காடியை நிறுத்தினோம். காடிக்குப் பின்னால் தரையில் பாய் விரித்து, சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்தோம். முதல் தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு பெரிய சீப்பு வாழைப்பழம், தேங்காய், ஓரமாக ஒரு சிவப்பு டப்பாவில் நிச்சய மோதிரம். அடுத்தடுத்த தட்டுகளில் புடவை, பூ, ஆப்பிள், ஆரஞ்சு, லட்டு, முறுக்கு. இனி தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் காரியம் நின்றது. முதல் தட்டை யார் தூக்குவது?

சுங்கை பாக்காப்பிலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டு, பாலம் தாண்டி வந்திருந்தார் என் தாய்மாமன். தாய்மாமன் இருக்கும்போது வேறு யார் தூக்குவது என்பது அவர் கட்சி. சுமங்கலிதான் முதலில் போக வேண்டும், ஆகவே நான் என்பது அக்காவின் கட்சி. வாசல் கேட்டிலிருந்து பெரியப்பா வந்து, "எங்க வீட்டு வழக்கத்துல பொம்பளதான் முதல் தட்டு" என்று மாமாவை ஒரு பார்வை பார்த்தார். மாமா பெரியப்பாவை ஒன்றும் சொல்ல முடியாமல் அக்காவிடம் திரும்பி, "நீ கொடுக்குற எடம்மா இது" என்று எரிந்து விழுந்தார். அக்கா மாமாவை ஒன்றும் சொல்ல முடியாமல் சுற்றும்முற்றும் பார்த்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன்டா மரமாட்டம் நிக்கிற?"

நான் அங்குமிங்கும் பார்த்தேன். எனக்குக் கீழே யாருமில்லை. ஆகவே சிரித்தேன்.

"தட்டுக்கிட்டயே நில்லு. கூப்புட்டாத்தான் வரணும்" என்று உத்தரவு போட்டுவிட்டு அக்கா வாசலுக்குப் போனாள். மாமாவும் பெரியப்பாவும் பின்னாலேயே போனார்கள். கேட்டருகில் விவாதம் தொடர்ந்தது. புதுப்பட்டு வேட்டி சட்டையோடு நான் சந்தில் தனியாகத் தட்டுகளுக்குக் காவல் நின்றேன்.

அப்போதுதான் பின்மதில் மேல் அவர் வந்து உட்கார்ந்தார்.

அவர் என்று மரியாதையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல பருமனான ஆண் குரங்கு. கன்னத்தில் மீசை. நடையில் அவசரமே இல்லை, வாடகை வசூலிக்க வந்த வீட்டுக்காரர் மாதிரி. முதலாளியை இங்கே தௌக்கே என்போம். அந்தத் தெருவே அவரைத் தௌக்கே என்றுதான் கூப்பிடுகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவருக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மற்றவை வந்தன. சிறிய ஆண்கள், வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்ட தாய்கள், எல்லோருக்கும் கடைசியில் காது கிழிந்த ஒல்லியான ஒன்று.

தௌக்கே என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒரே ராஜதந்திரத்தைப் பயன்படுத்தினேன். எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தேன். கையோடு போனை எடுத்து, அவரையும் என்னையும் சேர்த்து ஒரு படமும் பிடித்தேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு பேர் இருக்கிறோம். யார் பொறுப்பானவர் என்று கேட்டால் யாரும் என்னைக் காட்ட மாட்டார்கள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆபீஸில் பெரிய முதலாளி என்னைத் தாண்டிப் போகும்போது திருப்பிக்கொள்வாரே, அதே திருப்பல். பிறகு மதிலிலிருந்து இறங்கி, நான் ஒருவன் அங்கே நிற்பதாகவே கணக்கில் எடுக்காமல், நேராக முதல் தட்டுக்குப் போனார். எது முதல் தட்டு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாழைப்பழச் சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பாயின் நடுவில் உட்கார்ந்தார்.

மற்றவை உடனே பாயவில்லை. அதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. வரிசையில் நின்றன. நம் வீட்டுப் பந்தியில்கூட அந்த ஒழுங்கைப் பார்த்ததில்லை. இரண்டாவது ஆண் ஒன்று கொஞ்சம் முந்திக்கொண்டு லட்டுப் பக்கம் கையை நீட்டியது. தௌக்கே வாயை வட்டமாகத் திறந்து ஒரு முறை முறைத்தார். அவ்வளவுதான். அது கையை இழுத்துக்கொண்டு, அவரை ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பி, பக்கத்தில் சும்மா இருந்த மூன்றாவதை அறைந்தது. மூன்றாவது நான்காவதைக் கடித்தது. நான்காவது ஒரு தாய்க்குரங்கைத் துரத்த, தாய்க்குரங்கு கிழிந்த காதின் வாலைப் பிடித்து இழுத்தது. கிழிந்த காது வலியோடு சுற்றும்முற்றும் பார்த்தது.

அந்தப் பார்வை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, அது ஓடி வந்து என் முழங்காலில் ஓங்கி ஓர் அறை விட்டது.

நான் இன்னும் பெரிதாகச் சிரித்தேன்.

அதோடு அந்தக் கூட்டத்தில் என் இடம் உறுதியாகிவிட்டது. தௌக்கே சாப்பிட்டு முடித்ததும், ஒவ்வொன்றும் முறைப்படி வந்து ஆப்பிளையும் லட்டையும் எடுத்துக்கொண்டது. கிழிந்த காதுக்கு முறை வந்தபோது தின்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அது என்ன செய்யும், பாவம். முதல் தட்டின் ஓரத்தில் இருந்த சிவப்பு டப்பாவை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு காடியின் கூரை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மோதிரம். தட்டு மாற்றுவதற்கு முன்பே குரங்கு எடுத்துப் போய்விட்டது என்று பெரியப்பாவுக்குத் தெரிந்தால் அது போதும். சகுனம் என்பார். இளிச்சவாயன் என்பார். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும்.

"சிரிக்காதீங்க."

மெல்லிய குரல். திரும்பினேன். சந்தை ஒட்டிய சமையலறை ஜன்னலில், கம்பிகளுக்குப் பின்னால், அவள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. ஒரு கண்ணுக்கு மை போட்டிருந்தது. இன்னொரு கண்ணுக்கு இன்னும் முறை வரவில்லை. கூப்பிடும் வரை பெண் வெளியே வரக்கூடாது, கூப்பிடும் வரை மாப்பிள்ளை உள்ளே போகக்கூடாது. நாங்கள் இருவரும் தனியாகப் பேசிய முதல் பேச்சு, நடுவில் ஒரு சாக்கடையை வைத்துக்கொண்டு இப்படித்தான் நடந்தது.

"மோதிரம் போச்சுங்க" என்றேன்.

"பாத்தேன். முதல்ல வாய மூடுங்க. நீங்க பல்லக் காட்டக் காட்ட அதுங்க உங்கள இன்னும் கீழ எறக்குது."

"இதுக்கும் கீழ எங்க எறக்குறது?"

"குட்டிங்க இருக்குல்ல. அதுக்கும் கீழ."

மதில் மேல் என் கையளவு இருந்த ஒரு குட்டி, என்னைப் பார்த்தபடி சொறிந்துகொண்டது.

"சத்தம் போட்டு வெரட்டவா?"

"பெரியப்பா வந்துருவாரு. சொல்றத கேளுங்க. தௌக்கே கண்ண மட்டும் பாக்காதீங்க, சண்டைக்கிக் கூப்புடுறதா நெனச்சிக்குவாரு. மேல காது கிழிஞ்சது இருக்கில்ல, அந்த டப்பாவயே உத்துப் பாருங்க. வாய மூடிக்கிட்டு."

"பாத்தா குடுத்துருமா?"

"அது குடுக்காது. ஆனா நீங்க எதப் பாக்குறீங்கன்னு தௌக்கே பாப்பாரு. கீழ இருக்கிறவன் ஆசப்படுற சாமான மேல இருக்கிறவன் விட்டு வெக்க மாட்டான்லா."

எனக்கு ஒரு கணம் அவள் குரங்கைப் பற்றிப் பேசுகிறாளா, என் தொழிற்சாலையைப் பற்றிப் பேசுகிறாளா என்று சந்தேகம் வந்தது.

"இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"பாத்திரம் கழுவுறப்போ வேற எதப் பாக்குறது? வாய்."

வாயை மூட முயன்றேன். மேலுதடு இறங்கி வந்தது, கீழுதடு ஒத்துழைக்கவில்லை. துக்கமான விஷயங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கேண்டீன் சாம்பார். வருடக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டுப் பேசும் பேச்சு. பயனில்லை. கடைசியில் பெரியப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

மூடிய வாயோடு காடிக் கூரையைப் பார்த்தேன். கிழிந்த காதுக்கு என்னவோ போலாகிவிட்டது. டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றியது. புருவத்தை உயர்த்தியது. பிறகு, சொன்னால் நம்புங்கள், என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

அசல் என் சிரிப்பு. காதிலிருந்து காது வரை. ஆனால் அதன் கண்களில் சிரிப்பே இல்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு அது என்று பெருமைப்படுவதா, அல்லது கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கிறதே என்று வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

யோசிக்க நேரமும் கிடைக்கவில்லை. தௌக்கே தலையைத் தூக்கி, நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். ஒரே தாவல். கிழிந்த காது வீறிட்டு அலறி, டப்பாவைப் போட்டுவிட்டு மதிலுக்கு ஓடியது. தௌக்கே டப்பாவைக் கடித்துத் திறந்து, மோதிரத்தை எடுத்து வாயில் போட்டு, கடைவாய்ப் பல்லால் ஒருமுறை சோதித்தார். தரம் திருப்தி இல்லை போலும். துப்பினார். மோதிரம் காடியின் கண்ணாடியில் சறுக்கி, உருண்டு, சாக்கடைக்குள் விழுந்தது.

பட்டு வேட்டியோடு சாக்கடையில் இறங்கினேன். கணுக்கால் அளவு தண்ணீர். சேற்றில் துழாவி மோதிரத்தைப் பிடித்து நிமிர்ந்தால், சாக்கடை ஓரத்தில், என் முகத்துக்கு நேர் எதிரே, தௌக்கே.

அதே நேரம் அலறல் கேட்டு அக்கா, மாமா, பெரியப்பா மூவரும் சந்தின் முனைக்கு வந்துவிட்டார்கள்.

வழக்கமாக இந்த மாதிரி ஒரு நேரத்தில் என் பற்கள் அத்தனையும் வெளியே வந்திருக்கும். உதடு இழுக்க ஆரம்பித்தது எனக்கே தெரிந்தது. ஜன்னலிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"வாய்."

மூடிக்கொண்டேன். அவர் கண்ணைப் பார்க்காமல் அவர் தோளைப் பார்த்தேன். நகரவில்லை. தைரியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட நினைத்தாலும் கால் சேற்றில் புதைந்திருந்தது. சாக்கடைக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தௌக்கே விலாவைச் சொறிந்தார். காடிச் சக்கரத்துக்கு அடியில் உருண்டு கிடந்த கடைசி லட்டை எடுத்துக்கொண்டார். அவசரப்படாமல் மதிலேறிப் போனார். கூட்டமும் வரிசை மாறாமல் பின்னால் போனது.

பெரியப்பா வெகுநேரம் என்னையே பார்த்தார். நானும் மூடிய வாயோடு அவரைப் பார்த்தேன். திறந்தால் என்ன வருமோ என்று பயம்.

"அவ்ளோ பெரிய கொரங்கு முன்னால ஒரு சிரிப்பு இல்ல, ஒரு பேச்சு இல்ல" என்றார் மாமாவிடம். "அழுத்தமான ஆளுதான், சம்பந்தி. நான்தான் தப்பா எட போட்டுட்டேன்."

ஜன்னல் கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தமும் கேட்டது.

அக்கா பாயைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். முதல் தட்டில் வெற்றிலையும் உடையாத தேங்காயும் மட்டும் இருந்தன. என்னைத் திட்ட அவள் வாயெடுப்பதற்குள் மாமா இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். "ஆஞ்சநேயரே நேர்ல வந்து முதல் தட்ட வாங்கிக்கிட்டாரு. இனிமே யாரு முதல்லன்னு நாம பேசறதுக்கு என்னாம்மா இருக்கு?" தோற்றுக்கொண்டிருந்த வழக்கை மாமா இப்படி முடித்துக்கொண்டதாக அக்கா இன்றைக்கும் சொல்வாள். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அவரே உள்ளே போய், சாமிக்கு வாங்கி வைத்திருந்த வாழைப்பழச் சீப்பைக் கொண்டுவந்து எங்கள் தட்டில் வைத்தார். மாப்பிள்ளை வீட்டுச் சீரில் பெண் வீட்டுப் பழம் ஏறியது அப்படித்தான். மிச்சமிருந்த தட்டுகளை ஆளுக்கொன்றாகக் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாகவே உள்ளே போனோம். முதல் தட்டு யார் கையில் இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் நினைவில்லை.

மோதிரம் போடும்போது அவள் குனிந்து பார்த்தாள். உள்பக்கம் ஒரு பல் தடம். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இப்போது இரண்டு கண்களிலும் மை இருந்தது. போட்டோக்காரர் "சிரிங்க மாப்பிள்ளை" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். அந்த ஆல்பம் முழுக்க நான் யாருடைய துக்கத்துக்கோ போன மாதிரிதான் இருப்பேன்.

அன்று சாயங்காலம் போனில்தான் அவள் முழுதாகச் சொன்னாள். குரங்கு சந்தோஷத்தில் பல்லைக் காட்டுவதில்லையாம். நீங்கதான் பெரியவரு, என்னை ஒண்ணும் செஞ்சிராதீங்க என்பதற்குத்தான் அந்தச் சிரிப்பாம். எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மேனேஜர், வாகன நிறுத்துமிடக்காரர், பல் மருத்துவர் என்று நான் சிரித்த இடங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். அத்தனை வருடமாக அதை என் நகைச்சுவை உணர்வு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு குரங்கு ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டது.

திங்கட்கிழமை மேனேஜர் வழக்கம்போல முகம் சிவக்க என் மேசைக்கு வந்தார். மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. சனிக்கிழமை வேலைக்கு நான்தான் வர வேண்டும் என்றார். நான் சிரிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அவர் தோளைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் தடுமாறி, பேப்பரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு அடுத்த மேசைக்குப் போனார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஆனால் தலையைத் திருப்பியபோது, அடுத்த மேசையிலிருந்த புதுப் பையன் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எல்லாப் பற்களும் தெரிய. கண்ணில் சிரிப்பில்லாமல்.

எழுந்து போனேன். சனிக்கிழமை பாதி நாள் நான் வருகிறேன், பாதி நாள் இந்தப் பையன் வரட்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் சிரித்துவிட்டேன். மூன்று வருடமாகியும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மனைவி அருகில் இருந்தால் "வாய்" என்று ஒரு சொல் வரும்.

ஆனால் அன்று முழங்காலில் விழுந்த அறை மட்டும் மறக்கவில்லை. இப்போதும் யாராவது என்மேல் எரிந்து விழுந்தால், எனக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று என் கண்கள் தாமாகச் சுற்றும்முற்றும் தேட ஆரம்பிக்கின்றன. அந்த நேரத்தில் கிழிந்த காது ஒன்று நினைவுக்கு வரும், வந்த அடியை என்னோடு நிறுத்திக்கொள்ள முடிகிறதா என்று பார்க்கிறேன்.